தபாலில் போன கிடார்கள்

வச்சிரம் காய்ச்சுகிற வாசனை தெரிந்தவர்கள் இப்போது குறைந்துவிட்டார்கள். கும்பகோணத்தில் எங்கள் வீட்டுப் பின்கட்டில்தான் அப்பாவின் தச்சுப் பட்டறை. மாட்டுத் தோலையும் எலும்பையும் வேகவைத்து எடுக்கிற அந்தப் பசை, பழுப்புக் கண்ணாடிச் சில்லு மாதிரி கட்டிகளாக வரும். அப்பா அதை ராத்திரியே தண்ணீரில் ஊறப்போடுவார். காலையில் பழைய டால்டா டப்பாவில் விட்டு, டப்பாவை வெந்நீர்ச் சட்டிக்குள் உட்காரவைத்துச் சூடாக்குவார். நேரே தணலில் வைத்தால் பசைக்கு உயிர் போய்விடும் என்பார். நனைந்த தோலும் வெல்லப்பாகும் கலந்தது போல ஒரு வாடை பட்டறை முழுக்க நிற்கும். பிளாஸ்டிக் டப்பாவில் வெள்ளைப் பசை விற்க ஆரம்பித்த பிறகு அந்த வாடை எங்கள் வீட்டைவிட்டுப் போயிற்று. அப்பாவும் சில வருஷத்தில் போய்விட்டார்.

அதை நான் மறுபடி முகர்ந்தது சிகாகோவில், 2009 குளிர்காலத்தில். வீட்டு பேஸ்மென்ட்டில், 25 டாலருக்கு வாங்கிய ஒரு ஸ்டெல்லா கிடாரின் கழுத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். பிரஷர் குக்கரில் வெயிட் போடுகிற இடத்தில் ஒரு சிலிக்கோன் குழாயைச் செருகி, அதன் நுனியில் ஊசி மாட்டி, கழுத்தும் உடலும் சேருகிற மூட்டுக்குள் ஆவியைச் செலுத்தினேன். நாலைந்து நிமிஷத்தில் மூட்டின் ஓரத்திலிருந்து பழுப்பாக ஒரு திரவம் வடிந்தது. அதோடு அந்த வாசனை. கையிலிருந்த குழாயை வைத்துவிட்டு அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். மேலிருந்து மனைவி, “கீழ என்னங்க இப்படி நாறுது?” என்று கேட்டாள். “அப்பா பட்டறை” என்றேன்.

நான் கிடார் கலைஞன் இல்லை. உதிரிபாகத் தொழிற்சாலையில் தர ஆய்வாளராக வேலை பார்க்க இந்த ஊருக்கு வந்தவன். பதினாறு வயதில் கையில் கிடைத்த கொல்கத்தாக் கிடாரில் நாலு ஸ்வரம் கற்றுக்கொண்டதோடு சரி. ஆனால் அன்றைக்கு வந்த அந்த வாசனை என்னை விடவில்லை. இந்தக் கிடாரை யார் செய்தார்கள், யாருக்காகச் செய்தார்கள் என்று தேடத் தொடங்கினேன். தேடத் தேட, நான் இருக்கிற ஊரின் சரித்திரமே அதற்குள் கிடந்தது.

சிகாகோவில் ஹார்மனி என்றொரு கம்பெனி இருந்தது, என் ஸ்டெல்லா அங்கே செய்ததுதான். ஜெர்மனியிலிருந்து வந்த வில்ஹெல்ம் ஷுல்ட்ஸ் என்பவர் 1892-ல் தொடங்கியது. கே, ரீகல் என்று இன்னும் சில கம்பெனிகளும் இதே ஊரில் இருந்தன. விலை உயர்ந்த கிடாருக்கு மார்ட்டின், கிப்சன் என்று வேறு ஊர்க் கம்பெனிகளைச் சொல்வார்கள். சாமானியன் வாங்கக்கூடிய கிடாருக்குத் தலைநகரம் சிகாகோதான். அதற்குக் காரணம் மரமோ இசையோ இல்லை, ரயிலும் தபாலும். நாட்டின் ரயில் பாதைகளெல்லாம் வந்து முடிச்சுப் போடுகிற ஊர் இது. அதனால்தான் தபாலில் பொருள் விற்கிற பெரிய கடைகள் இங்கே முளைத்தன. அவற்றில் பெரியது சியர்ஸ் ரோபக். ஊரின் மேற்கே ஹோமன் அவென்யூவில் 1906-ல் அவர்கள் கட்டிய கிடங்கு, 30 லட்சம் சதுர அடி. தையல் மெஷினிலிருந்து குழந்தைக்குத் தொட்டில்வரை எல்லாம் படத்தோடு அச்சிட்ட தடித்த விலைப்பட்டியல் கிராமம் கிராமமாகப் போகும். அதில் சில பக்கங்கள் கிடாருக்கு.

1916-ல் சியர்ஸ் ஹார்மனி கம்பெனியையே விலைக்கு வாங்கிவிட்டது. அதற்கு மூன்று வருஷம் முன்பு, 1913 ஜனவரி முதல் தேதி, அமெரிக்கத் தபால் துறை பார்சல் சேவையைத் தொடங்கியிருந்தது. அதுவரை கிராமத்து வீட்டுக்குப் பெரிய பெட்டி எதுவும் தபாலில் வராது. இந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் பிறகு நடந்தது புரியும்.

தெற்கு மாநிலங்களில், முக்கியமாக மிசிசிப்பியின் பருத்திக்காட்டில், அடிமைத்தனம் சட்டப்படி ஒழிந்து ஐம்பது வருஷம் ஆகியும் கறுப்பின மக்கள் குத்தகை வாரத்துக்கு உழுதுகொண்டிருந்தார்கள். விதை, மாவு, துணி எல்லாம் பண்ணைக்காரரின் கடையில் கடனுக்கு. கணக்கு எழுதுகிறவரும் அவரே. கடைக்குப் போனால் வெள்ளையர் எல்லோரும் வாங்கி முடிக்கும்வரை ஓரமாக நிற்க வேண்டும், கொடுத்ததை வாங்கிக்கொண்டு வர வேண்டும். நம் ஊரில் இரண்டு தம்ளர் வைத்திருந்த டீக்கடையின் கதை தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சியர்ஸ் பட்டியலுக்கு மட்டும் வாங்குகிறவரின் நிறம் தெரியாது. எல்லோருக்கும் அச்சிட்ட ஒரே விலை. தபால் ஆபீஸுக்குப் போகத் தயக்கம் இருந்தால், கடிதத்தையும் பணத்தையும் வீட்டுக்கு வரும் தபால்காரரிடமே கொடுத்துவிடலாம். இதனால் உள்ளூர் வியாபாரிகளுக்கு ஏற்பட்ட கோபம் கொஞ்சநஞ்சமல்ல, பட்டியலைக் குவித்துப் போட்டு எரிக்கத் தூண்டிய ஊர்களும் உண்டு.

ஹார்மனியை வாங்கிய காலத்தில் சியர்ஸின் தலைவர் ஜூலியஸ் ரோசன்வால்ட். தெற்கில் கறுப்பினக் குழந்தைகளுக்காக ஏறக்குறைய 5,000 பள்ளிக்கூடங்கள் எழும்பத் துணைநின்றவர். கிடார் விற்றது தர்மத்துக்காக என்று நான் சொல்ல வரவில்லை, வியாபாரம்தான். ஆனால் ஒரே ஊருக்கு ஒரே தலைமுறையில் அவர் பணத்தால் பள்ளிக்கூடமும் அவர் கடையிலிருந்து கிடாரும் போய்ச் சேர்ந்திருக்கின்றன என்பதை நினைக்கும்போது எனக்கு மனசு நெகிழும்.

போன கிடார் என்ன செய்தது என்பதற்கு ஒரு ஆளைச் சொன்னால் போதும். மிசிசிப்பியில் கிளார்க்ஸ்டேல் பக்கம் ஸ்டோவால் பண்ணையில் பாட்டியோடு வளர்ந்த ஒரு பையன். வீட்டில் மிச்சமிருந்த கடைசிக் குதிரையைப் 15 டாலருக்கு விற்றான். பாதியைப் பாட்டியிடம் கொடுத்தான். மீதியிலிருந்து இரண்டரை டாலர் கொடுத்து ஒரு ஸ்டெல்லா வாங்கினான். சியர்ஸ் வழியாக சிகாகோவிலிருந்து வந்த கிடார் என்று அவரே பின்னால் சொல்லியிருக்கிறார். ஸ்டெல்லா என்ற பெயர் அன்றைக்கு நியூ ஜெர்ஸியின் ஆஸ்கார் ஷ்மிட் கம்பெனிக்குச் சொந்தம். 1939-ல்தான் ஹார்மனி அந்தப் பெயரை வாங்கியது. 1941-ல் நாட்டுப்புறப் பாடல் சேகரிக்க வந்த ஆலன் லோமாக்ஸும் ஜான் வொர்க்கும் அந்தப் பண்ணையிலேயே அவரைப் பாடவைத்து ஒலிப்பதிவு செய்தார்கள். 1943-ல் அவர் ரயிலேறி சிகாகோ வந்தார். உலகம் அவரை மடி வாட்டர்ஸ் என்று அறியும். சிகாகோ புளூஸ் என்று இன்றைக்குச் சொல்லப்படுகிற இசையே அவரைச் சுற்றி உருவானதுதான். 1910களிலிருந்து 1970வரை தெற்கைவிட்டு வடக்கேயும் மேற்கேயும் போன கறுப்பின மக்கள் ஏறக்குறைய 60 லட்சம் பேர். அவர்களில் எத்தனையோ பேரின் கையில் இந்தக் கிடார்கள் இருந்தன. தெற்கே பார்சலில் போனவை, திரும்பி வரும்போது பிள்ளை மாதிரி மடியில் உட்கார்ந்து ரயிலில் வந்தன.

இனி அந்த 25 டாலர் ஸ்டெல்லாவைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். இந்த இடத்தில் நான் நிதானமாகத்தான் போவேன்.

ஒலித்துளைக்குள் சின்னக் கண்ணாடியையும் டார்ச்சையும் விட்டுப் பார்த்தேன். பல் டாக்டர் வைத்திருக்கிற மாதிரியான கண்ணாடிதான். உள்ளே பின்பலகையில் ஊதா மையில் மங்கலாக ஒரு முத்திரை: ஒரு எழுத்து, ஒரு கோடு, 58. ஹார்மனி கிடார்களில் அந்த எண்தான் வருஷம். 1958-ல் செய்தது. அமெரிக்காவில் செய்தது என்று இன்னொரு முத்திரை. தலைப்பக்கத்தில் கழுத்துக்குள் எஃகு வைத்து வலுவாக்கியது என்ற அறிவிப்பு.

உடல் முழுக்க பிர்ச் மரம். நல்ல கிடார் என்றால் மேல்பலகைக்கு ஸ்ப்ரூஸ், பக்கங்களுக்கு மஹோகனி அல்லது ஈட்டி போடுவார்கள். (1969 முதல் மார்ட்டின் கம்பெனி பெருமளவில் பிரேசில் ஈட்டியை விட்டு நம் மலைகளின் ஈட்டிக்கு மாறியது. அதை இங்கே கடையில் பார்க்கும்போதெல்லாம் தடவிப் பார்க்காமல் வரமாட்டேன்.) பிர்ச் மலிவு, வட அமெரிக்கக் காட்டில் நிறையக் கிடைக்கும், வெளிறிய நிறம், ரேகையும் சொல்லிக்கொள்கிறபடி இராது. அதனால் ஹார்மனியில் ரேகையை வரைந்தார்கள். பெயின்ட் ஈரமாக இருக்கும்போதே மேலே கோடு இழுத்து, அபூர்வ மரத்தில் தீ நாக்குப் போல ஓடுகிற வரிகளை உண்டாக்கினார்கள். ஓரத்தில் வெள்ளைப் பட்டை பதிக்கிறதற்குப் பதில் வெள்ளைக் கோடு அடித்தார்கள். விரல் பலகைக்குக் கருங்காலி கிடையாது, வேறு கெட்டி மரத்துக்குக் கறுப்புச் சாயம். வீணையில் மெட்டு என்கிறோமே, கிடார்க்காரர்கள் ஃப்ரெட் என்பது, அது பித்தளையில், சீக்கிரம் தேய்கிற வகை. பிரிட்ஜை ஒட்டவும் இல்லை. மேல்பலகையில் சும்மா நிறுத்தி, கம்பிகளை அதன்மேல் ஓட்டி, கிடாரின் அடியில் திருகிய ஒரு தகட்டில் கட்டிவிட்டார்கள்.

உள்ளே மேல்பலகையைத் தாங்கும் சட்டங்களும் அப்படித்தான். விலையுயர்ந்த கிடாரில் அவை எக்ஸ் எழுத்துப் போலக் குறுக்காகப் போகும். செதுக்க நேரம் பிடிக்கும். ஸ்டெல்லாவில் ஏணிப்படி மாதிரி நாலைந்து நேர்ச் சட்டங்கள். சீக்கிரம் ஒட்டலாம். இந்த ஏணிச் சட்டத்தால்தான் இதன் குரல் இப்படி இருக்கிறது: தட்டியவுடன் பளிச்சென்று கிளம்பி, இழுக்காமல் நிற்கும். ஊர்க் கூட்டத்தில் பத்துப் பேர் ஆடுகிற சத்தத்துக்கு நடுவே பாட்டுக்குத் துணைபோக அப்படிப்பட்ட குரல்தான் வேண்டும். பழைய புளூஸ் பதிவுகளில் கேட்கிற அந்த வறண்ட, கணீர் ஒலி மலிவால் வந்தது என்று சிலர் இளக்காரமாகச் சொல்லும்போது எனக்குக் கோபம் வரும். மலிவால் வந்தது என்பது நிஜம். வந்தது நல்ல குரல் என்பதும் நிஜம்.

எங்கே காசை மிச்சம் பிடித்தார்கள் என்று பார்த்தாயிற்று. எங்கே பிடிக்கவில்லை என்பதுதான் முக்கியம். மரம் கெட்டி மரம். மேல், பின், பக்கம் மூன்றும் ஒரே பலகையாக அறுத்தவை, மெல்லிய தாள்களை அடுக்கி ஒட்டிய பிளைவுட் இல்லை. இன்றைக்குப் புதிதாக வருகிற மலிவுக் கிடார் பெரும்பாலும் பிளைவுட்தான். கழுத்து மூட்டும் புறா வால் மாதிரி விரிந்த நாக்கை அதற்கேற்ற குழியில் இறக்கி வச்சிரம் போட்டு ஒட்டிய நேர்மையான தச்சு வேலை. வாங்குகிறவன் கண்ணுக்குப் படுகிற இடத்தில் பெயின்ட்டை நம்பினார்கள். அவன் காதுக்கும், பின்னால் பழுதுபார்க்கிறவன் கைக்கும் படுகிற இடத்தில் மரத்தை ஏமாற்றவில்லை. அப்பா ஏழை வீட்டுக்குக் கதவு செய்யும்போது இதைத்தான் செய்வார். வேலைப்பாடு குறைப்பார், நிலைச்சட்டத்தின் கனத்தில் கைவைக்க மாட்டார்.

இது தெரியாத காலத்தில் நான் ஒரு தப்புச் செய்தேன். இரண்டாவதாக வாங்கிய ஸ்டெல்லாவின் பெயின்ட் அழுக்கேறி, அங்கங்கே உரிந்து இருந்தது. உள்ளே நல்ல மரம் இருக்குமே என்று உப்புத்தாளை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தேய்த்தேன். மாலையில் வெளிறிய, முகமில்லாத ஒரு பிர்ச் கிடார் மேஜைமேல் கிடந்தது. ஐம்பது வருஷம் முன்பு இந்த ஊர்த் தொழிற்சாலையில் யாரோ ஒரு தொழிலாளி கையால் இழுத்த வரிகளெல்லாம் தரையில் தூளாகக் கிடந்தன. பிரிட்ஜுக்குக் கீழே பலகையில் முன்பு வாசித்தவரின் நகம் பட்டுப்பட்டுப் பள்ளமான இடம் ஒன்று இருந்தது. அதையும் மட்டமாக்கிவிட்டிருந்தேன். அந்தக் கிடாரை நான் விற்கவில்லை. பட்டறைச் சுவரில் மாட்டியிருக்கிறேன். புதிதாக ஒன்று கைக்கு வரும்போது முதலில் அதை ஒரு தரம் பார்த்துக்கொள்வேன்.

இப்போதெல்லாம் துணியில் வெதுவெதுப்பான தண்ணீர் தொட்டு, பிழிந்து, துடைப்பதோடு நிறுத்திவிடுகிறேன். விரிசல் இருந்தால் கிடாரை ஒரு வாரம் ஈரப்பதமான பெட்டிக்குள் வைப்பேன். சிகாகோ குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடுகிற வீட்டில் காற்று அப்பளம் காய்கிற மாதிரி வறண்டு போகும். மரம் அகலவாக்கில் சுருங்கி, ரேகையோடு பிளந்துகொள்ளும். ஈரம் ஏறினால் பாதி விரிசல் தானே மூடிவிடும். பிறகு வச்சிரத்தை விரலால் அழுத்தி உள்ளே விட்டு, அடியில் ஸ்ப்ரூஸ் துண்டைச் சின்ன வைரம் போல வெட்டிக் குறுக்கு ரேகையில் ஒட்டுவேன். கழுத்து வேலைதான் பெரிய வேலை. ஆறு எஃகுக் கம்பியும் சேர்ந்து ஏறக்குறைய 70 கிலோ எடைக்குச் சமமாக இழுக்கும். ஐம்பது அறுபது வருஷம் அப்படி இழுத்தால் கழுத்து முன்னால் சாயும், கம்பி பலகையிலிருந்து எழும்பி நிற்கும், அழுத்தினால் விரல் வெட்டும். ஆவி கொடுத்துக் கழற்றி, அடிப்பக்கத்தில் மிகக் கொஞ்சமாக உளியால் சீவி, கோணத்தைத் திருத்தி மறுபடி ஒட்ட வேண்டும். கடையில் இதற்குக் கேட்கிற கூலி கிடாரின் விலையைவிடப் பல மடங்கு. நகரத்தில் பெயர் பெற்ற ஒரு கடையில் நான் விசாரித்தபோது, இதைக் குப்பையில் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள் என்று முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். அவர்கள் கணக்கில் அது சரி. ஆனால் வச்சிரத்தின் தர்மமே வேறு. ஆவி பட்டால் விட்டுக்கொடுக்கும், மறுபடி பூசினால் பழைய பசையோடு சேர்ந்துகொள்ளும். திரும்பக் கழற்றலாம் என்ற எண்ணத்தோடு ஒட்டியது அது. கழற்ற ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

ஒருநாள் இந்தக் கம்பெனி இருந்த இடங்களைப் பார்க்கப் போனேன். 1950களின் ஹார்மனி விலைப்பட்டியலில் இருக்கிற முகவரி தெற்கு ரசீன் அவென்யூ, 3633. அங்கிருந்து தெற்கே நடக்கிற தூரத்தில்தான் சிகாகோவின் பெரிய மாட்டுத் தொட்டி, யூனியன் ஸ்டாக் யார்ட்ஸ், 1865-லிருந்து 1971வரை இருந்தது. நாடெங்கிலுமிருந்து ரயிலில் மாடும் பன்றியும் வந்து இறங்கும். கறி ஒரு பக்கம் போகும், தோலும் எலும்பும் வச்சிரமாக மாறும். ஆர்மர் கம்பெனிக்கு வச்சிரம் காய்ச்சவே தனித் தொழிற்சாலை இருந்தது. ரசீன் அவென்யூ நடைபாதையில் நின்றபோது என் மூக்கு தானாக எதையோ தேடியது. லாரிப் புகைதான் வந்தது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1940-ல் ஜே க்ராஸ் என்பவரும் கூட்டாளிகளும் ஹார்மனியை சியர்ஸிடமிருந்து வாங்கினார்கள். சியர்ஸ் தொடர்ந்து சில்வர்டோன் என்று தன் பெயரைப் போட்டு அவர்கள் கிடாரை விற்றது. 1958-ல் நாட்டுப்புறப் பாட்டு மோகம் கிளம்பியது, 1964 பிப்ரவரியில் பீட்டில்ஸ் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றினார்கள், வீட்டுக்கு வீடு பையன்களும் பெண்களும் கிடார் கேட்டார்கள். தொழிற்சாலை கோலின் அவென்யூவுக்கு மாறியது. அந்த உச்சக் காலத்தில் ஆண்டுக்கு 3 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். பிறகு ஜப்பானிலிருந்து அதைவிட மலிவாக, பார்வைக்கு இன்னும் பளபளப்பாக வந்தது. 1968-ல் க்ராஸ் இறந்தார். 1970களின் நடுவில் தொழிற்சாலையை மூடி, மெஷின்களையும் பெயரையும் விற்றுவிட்டார்கள். ஹார்மனியின் சாவரின் என்ற ரகத்தில்தான் ஜிம்மி பேஜ் 1971-ல் வெளிவந்த ‘ஸ்டேர்வே டு ஹெவன்’ பாட்டின் தொடக்கத்தை வாசித்தார் என்று தெரிந்த பிறகு அந்த ரகத்தின் விலை மட்டும் ஏறிவிட்டது. பழைய சாமான் கடையில் வாங்கிய ஒரு ஸ்டெல்லாவைத்தான் கர்ட் கோபேன் ‘பாலி’ பாட்டுக்கு வாசித்தார். பெரிய பெயர்களைச் சொல்லி ஒரு பொருளுக்கு மதிப்புத் தேடுவதில் எனக்கு அவ்வளவு விருப்பமில்லை. பெயர் தெரியாதவர்கள் வாசித்ததற்காகத்தான் இவற்றை நான் மதிக்கிறேன்.

அப்படிப்பட்ட ஒருவரின் கிடார் நாலு வருஷத்துக்கு முன்னால் என்னிடம் வந்தது. கொண்டுவந்தவர் எழுபதைத் தாண்டியவர், நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். எங்கள் தெருவில் ஒருவர் சொல்லித் தேடி வந்தார். குப்பை போடுகிற கறுப்புப் பிளாஸ்டிக் பைக்குள் சுற்றிய ஒரு சில்வர்டோன். அவர் அப்பாவுடையது. மிசிசிப்பியில் பருத்தி எடுத்த கூலியில், சியர்ஸ் பட்டியலைப் பார்த்துத் தபாலில் வரவழைத்தது. பிறகு குடும்பத்தோடு ரயிலேறி சிகாகோவுக்கு வந்து, தெற்குப் பக்கம் ஒரு இரும்பு ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார் அப்பா. கண்ணாடி விட்டுப் பார்த்தேன், 53 என்று இருந்தது. ஆயிரம் கிலோமீட்டர் போய், ஆயிரம் கிலோமீட்டர் திரும்பி வந்த கிடார். “சார், இது செய்த இடம் இங்கிருந்து அரை மணி நேரம்” என்றேன். அவருக்கு அது தெரிந்திருக்கவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு, “எங்கப்பா மிசிசிப்பி கிடார்ன்னுதான் சொல்லுவார்” என்றார்.

மூன்று மாதம் எடுத்துக்கொண்டேன். உள்ளே இரண்டு சட்டம் விட்டிருந்தது, ஒட்டினேன். ஆணிக் கம்பியால் யாரோ கட்டி வைத்திருந்த தகட்டை நிமிர்த்தினேன். கம்பி முறுக்கும் குமிழ்களின் பிளாஸ்டிக் பொடிந்து போயிருந்தது, அதே காலத்துக் குமிழ்களை வேறொரு உடைந்த கிடாரிலிருந்து எடுத்துப் போட்டேன். கழுத்து முன்னால் சாய்ந்திருந்தது. நான் பார்த்ததிலேயே மோசமான உயரம், பன்னிரண்டாவது மெட்டில் கம்பிக்கும் பலகைக்கும் நடுவே என் சுண்டுவிரல் போய் வந்தது. போதாததற்குக் கழுத்தின் தலைப்பக்கம், கம்பிகளுக்கு அடியில், மஞ்சள் பெயின்ட் அடித்த ஒரு பென்சில் துண்டு செருகியிருந்தது. ஏதோ குழந்தை விளையாட்டு என்று நினைத்து எடுத்து, பழைய கம்பி, பொடிந்த குமிழ்களோடு ஒரு டப்பாவில் போட்டேன். ஆவி கொடுத்துக் கழுத்தைத் திருத்தினேன். உயரத்தை இரண்டரை மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தேன். அவ்வளவு சுத்தமாக என் கையால் ஒரு மூட்டு உட்கார்ந்ததில்லை. அப்பா இருந்தால் விரல் நகத்தால் ஓட்டிப் பார்த்துத் தலையாட்டியிருப்பார்.

பேருந்து ஓட்டியவர் வந்து எடுத்துப் பார்த்தார். மடியில் வைத்து ஒரு தரம் கம்பியைத் தட்டினார். நன்றாக இருக்கிறது என்றார். பிறகு கழுத்தின் தலைப்பக்கத்தைத் தடவினார். தேடுகிற விரல்.

“இங்க ஒரு பென்சில் இருந்ததே?”

நான் என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன்.

“தூக்கிப் போட்டுட்டீங்களா?”

சட்டைப் பையிலிருந்து ஒரு சாக்கெட் எடுத்தார். கார் மெக்கானிக் நட்டுக் கழற்றுகிற எஃகுக் குழாய். அவர் அப்பா சுண்டுவிரலில் மாட்டிக்கொண்டு கம்பியின்மேல் வழுக்கி வாசிப்பாராம். கம்பியை அழுத்துவதே கிடையாது. கம்பி உயரமாக இருந்தால்தான் சாக்கெட் மெட்டில் இடிக்காமல் வழுக்கும், ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வீணையில் கமகம் போகிற மாதிரி போகும். அதற்காகத்தான் பென்சில். எங்கள் கணக்கில் பழுது என்று நான் ஒரு மாதம் உட்கார்ந்து திருத்தியது, அவர் அப்பா வேண்டுமென்று வைத்துக்கொண்டது.

கழிவு டப்பாவை நான் இன்னும் கொட்டியிருக்கவில்லை. மேஜையடியிலிருந்து எடுத்துக் கவிழ்த்தேன். கம்பிச் சுருளுக்கு நடுவில் அது இருந்தது. வெளிச்சத்தில் பிடித்தபோதுதான் சரியாகப் பார்த்தேன்: ஆறு கம்பியும் பதிந்து பதிந்து, மஞ்சள் பெயின்ட்டைத் தாண்டி மரத்துக்குள் ஆறு பள்ளம். தடித்த கம்பியின் பள்ளம் ஆழமாக, மெல்லியதன் பள்ளம் நூல் மாதிரி. முப்பது நாற்பது வருஷ வாசிப்பு அதில் இருந்தது.

கம்பிகளைத் தளர்த்திக் கொடுத்தேன். அவரே பென்சிலைச் செருகினார். பள்ளத்தில் கம்பி ஒவ்வொன்றாகப் போய் உட்கார்ந்தது. அடியில் பிரிட்ஜைச் சின்ன மரச் சில்லு வைத்து உயர்த்திக் கொடுத்தேன். அவர் காதைப் பலகையோடு ஒட்டி வைத்துக்கொண்டு சுருதியை மாற்றினார், தட்டினாலே ஒரு கோர்வை கேட்கிற மாதிரி. பிறகு சாக்கெட்டைச் சுண்டுவிரலில் மாட்டினார். “நான் வாசிக்க மாட்டேன். அவர் செய்யறதைப் பாத்திருக்கேன், அவ்வளவுதான்” என்றார்.

இரண்டாவது மெட்டிலிருந்து ஐந்தாவதுக்கு ஒரே இழுப்பு. நடுங்கிக்கொண்டு போய் நின்றது. மறுபடி கீழே வந்து, அங்கிருந்து கிளப்பினார்.